எழுப்பாமல் போனவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வரும். சட்டென்று வரும், ஆனால் சட்டென்று போகாது. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘குக்கர்’ என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

நாங்கள் கர்னல் எழுதுகிறவர்கள். கணினியில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரும் படுத்த பிறகு படுக்கப் போகிற அடிப்படை நிரலுக்குத்தான் கர்னல் என்று பெயர். யாருக்கு எப்போது எது கிடைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதில் பூட்டுகள் அனைத்தும் அண்ணியின் பொறுப்பு. அண்ணி என்றால் நிஜமாகவே அண்ணி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டவர். அவரை அண்ணனுக்கு அறிமுகப்படுத்தி வைத்ததே நான்தான். அதற்காக இருவரும் தனித்தனியாக என்னைத் திட்டுவார்கள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதால் அலுவலகச் சண்டை சாப்பாட்டு மேஜைக்கும், சாப்பாட்டு மேஜைச் சண்டை அலுவலகத்துக்கும் தடையில்லாமல் போய் வரும்.

பூட்டு என்றால் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தை வைத்தே சொல்லிவிடலாம். கூடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம். ஆனால் அண்ணன் தரை துடைக்க வந்துவிட்டால் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். அவன் துடைத்து முடிக்கும் வரை யாராவது கால் வைத்தால் வீடு இரண்டுபடும். கணினியிலும் இதே கதைதான். ஒரு தகவலை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம். அதையே மாற்றி எழுத வேண்டுமென்றால் ஒருவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். இடம் கிடைக்காதவர்கள் வாசலில் வரிசையாக நின்று, நின்றபடியே தூங்கிவிடுவார்கள். துடைக்க வந்தவர் வரிசையில் நின்றால், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் உட்காரத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு முந்திப் போக முடியாது. முந்த விட்டால் அவருக்குக் கடைசி வரை முறை வராது. இடம் கிடைத்ததும் அவர்களைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்தத் தட்டி எழுப்பும் நிரலில்தான் நான் கையை வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்றால், டிரைவருக்காக.

டிரைவர் வண்டி ஓட்டுகிறவன் இல்லை. கணினிக்கும் அதன் டிஸ்குக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற நிரலை டிரைவர் என்போம். அதை எழுதுகிறவனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது, “எங்க ஆபீஸ்ல டிரைவர் ரொம்ப நல்ல பையன்” என்று நான் சொல்லப்போக, “அப்படியா? என்ன வண்டி ஓட்டுறான்?” என்று அண்ணன் அக்கறையாக விசாரித்தான். அண்ணிக்குப் புரை ஏறிவிட்டது.

அவன் நல்ல பையன்தான். பிரச்சினையும் அதுதான். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தான். கூட்டத்தில் நாற்காலி குறைந்தால் இவன் நிற்பான். காப்பி இயந்திரத்தில் கடைசிக் கோப்பை என்றால், “எனக்கு இப்ப வேணாம்” என்பான். விருந்துக்குக் கூப்பிட்டால் வருவான், எப்போது போனான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அவனைப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல முடிகிறது. அவனிடம் சொல்லப் போனால் மட்டும் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும், பெரும்பாலும் திட்டு.

எங்கள் சோதனை அறையில் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். சில மாதங்களாக அவற்றில் ஏதாவது ஒன்று திடீரென்று உறைந்து போகும். ஒரு எழுத்து நகராது. ஒவ்வொரு முறையும் திரையில் கடைசியாக இருப்பது ஒரே சேதிதான், டிஸ்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று. டிஸ்க் என்றால் டிரைவர். வேறு யாரைக் கேட்பது?

“வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும்” என்றார் மேனேஜர், திங்கட்கிழமைக் கூட்டத்தில். “இல்லன்னா டிஸ்க் டிரைவரை வெளியில வாங்கிக்கலாம். நாமளே எழுதணும்னு என்ன இருக்கு?”

வெளியே வாங்கினால் இவனுக்கு இங்கே வேலை இல்லை. எல்லாருக்கும் அது புரிந்தது. அவனுக்கும் புரிந்தது. என்ன செய்தான் தெரியுமா? “சரிதான் சார், அதுதான் சுலபம்” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “உனக்கு வாய் இல்லையா? நீ எழுதின புரோகிராம்ல தப்பு இருக்கா இல்லையா?”

“முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

“அதை அங்க சொல்றதுக்கு என்ன?”

“நிரூபிக்க முடியலையே. சும்மா சொன்னா வீம்பு பண்ற மாதிரி இருக்கும்.”

வீம்பாம்! வீம்பு என்றால் என்னவென்று அவனுக்குக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

உறைந்த இயந்திரம் ஒன்றைக் குடைந்து பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. டிஸ்குக்காக ஒருவன் காத்திருக்கிறான், சரி. ஆனால் பூட்டு வாசலிலும் ஒரு கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களை ஏன் யாரும் எழுப்பவில்லை? எழுப்பும் நிரலைத் திறந்தேன். அடக் கடவுளே! ஒரே வேலையை ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு விதமாகச் செய்து வைத்திருந்தது. உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது ஒரு விதமாக எழுப்பும், துடைத்தவர் முடிக்கும்போது இன்னொரு விதம், துடைத்து முடித்தவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டால் மூன்றாவது விதம். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. புரிந்துகொள்ள முடியாத எரிச்சலில், எனக்குப் புரிகிற மாதிரி திருப்பி எழுத ஆரம்பித்தேன்.

என் நிரலில் ஒரே விதிதான். வரிசையின் முன்னால் ஏதாவது மாறினால் எழுப்புகிறவனைக் கூப்பிடு. அவன் வரிசையைப் பார்ப்பான். முன்னால் நிற்பது துடைப்பவர் என்றால், கூடம் காலியாக இருந்தால் அவரை மட்டும் எழுப்புவான். உட்கார வந்தவர்கள் என்றால், அடுத்த துடைப்பவர் வரை இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்து எழுப்புவான். அவ்வளவுதான். பழைய நிரலில் பாதிக்கு மேல் குப்பையில் போனது. வீட்டில் பரணைக் காலி செய்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

சோதனை அறையில் அதைப் போட்டு ஓட்டினேன். உறையவில்லை. எல்லா இயந்திரங்களிலும் போட்டு, மூச்சு முட்ட வேலை கொடுத்து ஓட்டினேன். ஒன்றுகூட உறையவில்லை. நடக்கிற இடமெல்லாம் எனக்குப் பாட்டு வந்தது. ‘எழுப்பும் நிரலைச் சுத்தம் செய்திருக்கிறேன், நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை’ என்று குறிப்பு எழுதி அண்ணிக்கு அனுப்பினேன். அவர் ஒப்புதல் தராமல் பூட்டுக்குள் ஒரு புள்ளிகூட நுழையாது.

அண்ணி என் மேஜைக்கே வந்தார். “நல்லா எழுதியிருக்க. நான் எழுதினதைவிட நல்லா இருக்கு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப ஓகேவா?”

“இல்ல.”

“என்னது?”

“சுத்தம் பண்ணேன், வேற எதுவும் மாறலன்னு எழுதியிருக்க. எதுவும் மாறலன்னா மெஷின் உறையுறது எப்படி நின்னுச்சு?”

“நின்னா நல்லதுதானே அண்ணி?”

“எனக்குப் பயமா இருக்கு. தூசி தட்டினதுல ஜுரம் போயிடுச்சுன்னு சொல்ற. அப்ப தட்டும்போது நீ எதையோ மாத்தியிருக்க. என்னன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரியாம உள்ள விட மாட்டேன்.”

“ஒருத்தனுக்கு வேலை போகப் போகுது!”

“அதான் சொல்றேன். ஏன்னு தெரியாம நின்னா மேனேஜர் என்ன சொல்வார்? டிரைவர் தப்பு இப்போதைக்கு மறைஞ்சிருக்குன்னு சொல்வார். அவன் மேல இருக்குற பழி அப்படியே நிக்கும். போய்க் கண்டுபிடி.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது. அன்று ராத்திரி அண்ணியோடு பேசவில்லை. “உப்பு வேணுமான்னு உன் பொண்டாட்டியைக் கேளு” என்று அண்ணன் மூலமாகத்தான் பேச்சுவார்த்தை நடத்தினேன். பதிலுக்கு அண்ணி, “உப்பு வேணுமான்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க” என்பார். அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உப்பைத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்ட அறையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பலகையில் கூடத்தை வரைந்தேன். பழைய நிரலில் எங்கெல்லாம் எழுப்புகிறது என்று சிவப்புப் பேனாவால் குறித்தேன். என் நிரலில் எங்கெல்லாம் எழுப்புகிறது என்று நீலப் பேனாவால் குறித்தேன். சிவப்பு இருந்த இடத்திலெல்லாம் நீலம் இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீலம் தனியாக நின்றது. அது, வரிசையில் நிற்கிறவர் பொறுமை இழந்து, ‘எனக்கு வேண்டாம்’ என்று விலகிப் போகிற இடம்.

புரிந்தவுடன் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். கூடத்தில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் அண்ணன் துடைக்கக் காத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால், உட்கார வந்தவர்கள் தூங்குகிறார்கள். அண்ணனுக்கு ஏதோ வேலை வருகிறது, போய்விடுகிறான். இப்போது பின்னால் நிற்கிறவர்கள் தாராளமாக உள்ளே போகலாம். உட்காரத்தானே வந்தார்கள், உள்ளேயும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள். ஆனால் அண்ணன் அவர்களை எழுப்பாமல் போய்விட்டான். இல்லாத ஒருவனுக்குப் பின்னால் அவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

பெரும்பாலும் இதனால் கெடுதல் இல்லை. உள்ளே இருப்பவர்கள் எழுந்து போகும்போது இவர்களை எழுப்பிவிடுவார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒருவன் டிஸ்கின் பதில் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறான். அந்தப் பதிலைக் கொண்டுவர வேண்டியவன் வாசலில் தூங்குகிறவர்களில் ஒருவன். அவன் வராமல் இவன் எழுந்திருக்க மாட்டான், இவன் எழுந்திருக்காமல் அவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். இயந்திரம் உறைந்துவிடும். திரையில் டிஸ்குக்காகக் காத்திருக்கிறேன் என்று சேதி நிற்கும். டிரைவர் பாவம், செய்யாத குற்றத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பான்.

என் நிரலில் விலகிப் போகிறவரும் அதே ஒரே விதியின் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் போகிற போக்கில் பின்னால் இருப்பவரை எழுப்பிவிட்டுப் போகிறார். நான் தெரிந்து செய்யவில்லை, தானாக அமைந்தது.

ஒரு வேலைதான் பாக்கி. பிழையைத் திருத்தினால், அந்தப் பிழை எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்றும் குறிப்பில் எழுத வேண்டும். எங்கள் வழக்கம் அது. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டுகிற கட்டளையின் பெயருக்கே எங்கள் தொழிலில் ‘பழி’ என்றுதான் பொருள். அண்ணியின் பெயர்தான் வரும் என்று நினைத்தேன். அண்ணியைப் பழி வாங்க இப்படி ஒரு வாய்ப்பா என்று, உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது. கட்டளையைத் தட்டினேன்.

டிரைவரின் பெயர் வந்தது.

சேர்ந்த புதிதில், தன் டிஸ்க் வேலைக்குத் தேவைப்பட்டதால் அவனே எழுதிச் சேர்த்த வசதி அது. ‘காத்திருக்க முடியாதவர் யாருக்கும் தொந்தரவில்லாமல் விலகிக்கொள்ளலாம்’ என்று விளக்கம் வேறு. வேறு யார் எழுதியிருக்க முடியும் இதை? முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. அவனைக் காப்பாற்றப் போய், நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே.

பேசாமல் அண்ணியின் முன்னால் போய்த் திரையைத் திருப்பிக் காட்டினேன். அண்ணி படித்தார், மறுபடியும் படித்தார்.

“இதுக்கு ஒப்புதல் கொடுத்தது யாருன்னு பாத்தியா?”

“பாத்தேன். நீங்க.”

“பாத்துட்டுமா கத்தாம நிக்குற?”

“கத்துற மூடுல இல்ல அண்ணி.”

“உங்க அண்ணன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வெச்சாரே, அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து ஓகே சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு.”

“ஆக, எல்லாத்துக்கும் காரணம் எங்க அண்ணன்தான்.”

“பின்ன?” என்று எழுந்தார் அண்ணி. “டிஸ்க் டிரைவர் சுத்தமா இருக்கு. தப்பு பூட்டுல. பூட்டு என் பொறுப்பு, அதுல யார் கை வெச்சாலும் நான் விட்டாத்தான் உள்ள வரும். நான் போய்ச் சொல்றேன். நீ குறிப்பைச் சரியா எழுது, பேரை மறைக்காத.”

பெயரை மறைக்காமல் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அண்ணி மேனேஜர் அறையிலிருந்து திரும்பி வந்தார்.

“ஒத்துக்கிட்டார். வெளியில வாங்குறது இல்ல. இது யாருக்கும் நடக்கக்கூடிய தப்புதான்னு சொல்லிட்டார்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

அண்ணி என் தோளில் கை வைத்தார். “அவன் திங்கக்கிழமையே வேலையை விடுறேன்னு எழுதிக் கொடுத்துட்டானாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டானாம். இன்னிக்குக் கடைசி நாள்.”

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் மோதியது. “ஏய், மெதுவா!” என்று அண்ணி கத்தினார். நான் எங்கே கேட்டேன்?

அவன் தன் மேஜையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தனக்குப் பின் வருகிறவர் சிரமப்படக்கூடாதாம், நிரலில் வரிக்கு வரி விளக்கம் எழுதிக்கொண்டிருந்தான். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறியது.

“உன் டிரைவர்ல ஒண்ணும் இல்ல” என்றேன்.

“கொஞ்சம் மெதுவாப் பேசேன். எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். தப்பு பூட்டுல இருந்தது. கண்டுபிடிச்சாச்சு.”

“அப்பாடா” என்று நிஜமாகவே மூச்சு விட்டான். “யாரோடது?”

“உன்னோடது.”

என் குறிப்பை அவன் திரையில் திறந்து காட்டினேன். படித்தான். காது வரை சிவந்துபோய், தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். “அட ஆமா! ஒதுங்கிப் போறவனைப் பத்தி மட்டும்தான் யோசிச்சிருக்கேன். சே, எவ்வளவு நாள் எத்தனை பேரைப் படுத்தியிருக்கேன்.”

“திங்கக்கிழமை எழுதிக் கொடுத்தியாமே?”

சிரிப்பு நின்றது. “ஆமா.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொல்லி என்ன? எல்லாருக்கும் சங்கடம். அதான் சத்தமில்லாம...”

குக்கர் விசிலடித்தது. “நீ பாட்டுக்குச் சத்தமில்லாமப் போயிடுவ! பின்னால நிக்கிறவ என்ன பண்ணுவா?”

‘நிக்கிறவங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அந்த ‘ங்க’ எங்கே போய்த் தொலைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போதாக்குறைக்கு ‘பண்ணுவா’ என்று வினைமுற்றிலும் ஒப்புக்கொண்டிருந்தேன். அவனோ, ஆயிரம் வரிகளுக்கு நடுவில் ஒரு புள்ளி குறைந்தாலும் பிடித்துவிடுகிற ஆள்.

“நிக்கிறவளா?” என்றான்.

அந்த வரிசை முழுவதும் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

“ஆமா, நான்தான்” என்றேன். “எனக்கு உன்னைப் பிடிக்கும். சொல்லத் தெரியாமத்தான் திட்டிக்கிட்டே இருந்தேன்.”

“எனக்குத் தெரியாதே” என்றான் மிக மெதுவாக. “என்னைக் கண்டாலே உனக்கு எரிச்சல்னு நினைச்சேன். அதுவும் ஒரு காரணம், போயிடலாம்னு நினைச்சதுக்கு.”

“லூசு. எப்பப் போறதா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போ.”

“சொன்னா விட்டுடுவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குச் சொல்லணும்?”

“மாட்டேன்னு நான் சொல்றதுக்கு.”

அவன் விசைப்பலகையைத் தள்ளி வைத்தான். எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேனேஜர் அறைப் பக்கம் நடந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பாதி வழியில் நின்றான். திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் நான் நின்ற இடம் வரை நடந்து வந்தான்.

“அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கப் போறேன்” என்றான். “வந்துடுறேன்.”

சொல்லிவிட்டுப் போனான்.